38 தமிழ்ப் பக்கங்களை அழிக்கச் சொல்கிறது ஏஐ: மாஞ்செடி நர்சரி தளத்தை என்ன செய்வது?

சந்தூர்_ஒட்டுச்செடி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும், கொஞ்சம் அவசரம்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து மாஞ்செடி ஒட்டுக் கட்டுகிறோம். கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சந்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மாஞ்செடி நர்சரிக்குப் பேர்போன ஊர். நான்கு வருடத்துக்கு முன்பு நானே உட்கார்ந்து ஒரு வலைத்தளம் போட்டேன். அதில் இரண்டு வியாபாரம் நடக்கிறது. ஒன்று செடி: அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, நீலம், மல்கோவா, இமாம் பசந்த், அப்புறம் கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா. இன்னொன்று, சீசனில் பழத்தைப் பெட்டி போட்டு வெளியூருக்கு அனுப்புவது.

அதில் தமிழ்ப் பக்கங்கள்தான் எனக்கு உயிர். சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அப்பா வந்து திண்ணையில் உட்காருவார், அவர் சொல்லச் சொல்ல நான் போனில் அடித்தவை அவை. எந்த ரகத்துக்கு என்ன மண், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை ஏன் விட்டுவைக்கக் கூடாது, குழி எடுத்து எத்தனை நாள் ஆறவிட வேண்டும், இப்படி.

போன வாரம் சர்ச் கன்சோலை, அதாவது கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவியைத் திறந்தேன். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் இம்ப்ரஷன் (தேடல் முடிவில் நம் தளம் எத்தனை தடவை காட்டப்பட்டது என்ற எண்ணிக்கை) கோடு படிக்கட்டில் இறங்கினதுபோல ஒரே இறக்கம். பயந்துபோய் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதத்தையும் அதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் ஒப்பிட்டு எக்ஸ்போர்ட் எடுத்து, அட்டவணையை அப்படியே ஒரு ஏஐ உதவியாளரிடம் ஒட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது சொன்னது: தளத்தின் தெரிவுநிலை பாதியாகிவிட்டது, ஜூன் 30-இல் தொடங்கிய கூகுள் கோர் அப்டேட்டில் (தளங்களை வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றம்) தளம் அடிவாங்கியிருக்கிறது, விஷயம் இல்லாத தமிழ்ப் பக்கங்கள்தான் காரணம், இந்த 38 பக்கங்களை உடனே நீக்கினால் மீளலாம். பட்டியலும் போட்டுக் கொடுத்துவிட்டது.

பதில் அவ்வளவு உறுதியாக இருந்ததால் நேற்று ராத்திரி அழிக்கிற பொத்தான் வரைக்கும் போய்விட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அழிக்கலாமா?

ஓசூர்_அட்டவணை:

தம்பி, ஒரு பக்கத்தையும் தொடாதே. முதலில் கணக்கை ஒழுங்காகப் பார்ப்போம்.

உன்னிடம் இரண்டு சீசன் இருக்கிறது, ஏஐக்கு அது தெரியாது, நீயும் சொல்லவில்லை. ஏப்ரல், மே, ஜூன் என்றால் ஊரே மாம்பழம் தேடுகிற காலம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பழம் முடிந்து, மழையை நம்பிச் செடி வைக்கிறவன் தேட ஆரம்பிக்கிறான். வேளாண் பல்கலைக்கழகமே மா நடவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை என்றுதான் சொல்கிறது. பழம் தேடுகிறவர்கள் கூட்டம் பெரியது, செடி தேடுகிறவர்கள் கூட்டம் சின்னது. இந்த இரண்டு காலாண்டுகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால் எந்த வருடம் பார்த்தாலும் வீழ்ச்சிதான் தெரியும். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருக்கிறது, அதனால் இந்த ஜூலை முதல் செப்டம்பரைப் போன வருட ஜூலை முதல் செப்டம்பரோடு ஒப்பிடு. செடிப் பக்கங்களைத் தனியாக, பழப் பக்கங்களைத் தனியாக.

அடுத்தது அந்தப் படிக்கட்டு. 2025 செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் உலகம் முழுக்க நிறையத் தளங்களில் இதே வடிவம் விழுந்தது. கூகுள் முகவரியின் கடைசியில் ஒரு சிறு குறியீட்டைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதி முன்பு இருந்தது, அந்தச் சமயத்தில் அது வேலை செய்யாமல் போனது. மனிதர்கள் யாரும் அதைப் பெரிதாகப் பயன்படுத்தியதில்லை. எந்தத் தளம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கண்காணிக்கிற மென்பொருள்கள்தான் அதைக் கொண்டு 100 முடிவுகளையும் ஒரே அடியில் இறக்கும். உன் பக்கம் 78-ஆவது இடத்தில் கிடந்தாலும் அப்போது அதற்கு ஓர் இம்ப்ரஷன் விழும், பார்த்த ஆள் யாருமே இல்லாவிட்டாலும். வசதி போனதும் அந்த இம்ப்ரஷன்களும் போய்விட்டன.

உன் தளத்திலும் அதுதானா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சாதனம் என்ற பிரிவில் கணினியைத் தனியாக, மொபைலைத் தனியாகப் பார். இறக்கம் பெரும்பாலும் கணினியில் இருந்து, அதே நாளில் சராசரிப் பொசிஷன் (தேடல் முடிவில் எத்தனையாவது இடம் என்பது) முன்னேறியிருந்து, கிளிக் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தால், வாடிக்கையாளர் யாரும் உன்னைவிட்டுப் போகவில்லை. உன்னிடம் செடி வாங்குகிறவர் வயல் வரப்பில் நின்று போனில் தேடுகிறவர், கணினி முன் உட்கார்ந்தவர் அல்ல.

கோர் அப்டேட் விஷயம்: ஜூன் 30-இல் தொடங்கியது உண்மை, ஜூலை 17-இல் முடிந்துவிட்டது. உன் கோடு இறங்கியது செப்டம்பரில். தேதியே பொருந்தவில்லை. ஏஐக்கு ஒரு சரிவைக் காட்டிக் காரணம் கேட்டால், கைக்கு அருகில் கிடக்கிற பிரபலமான காரணத்தை எடுத்து நீட்டிவிடும். அப்டேட் தேதிகளைக் கூகுளின் தேடல் நிலைப் பக்கத்திலேயே பார்க்கலாம், எந்தக் காரணத்தையும் அதோடு வைத்துப் பார்க்காமல் நம்பாதே.

பாலக்கோடு_தக்காளி:

ஓசூர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் தக்காளி மார்க்கெட் விலை போடுகிற தளம் வைத்திருக்கிறேன், ஒரு வருடமாக ஏஐயை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்கிறேன், ஏகப்பட்ட தப்பு பண்ணிக் கற்றுக்கொண்டது.

அட்டவணையை அப்படியே ஒட்டாதீர்கள். ஒட்டினால் அது கூட்டிப் பார்ப்பதில்லை, படித்துவிட்டுத் தோராயமாக ஒரு எண்ணைச் சொல்கிறது. ஒரே அட்டவணையை இரண்டு தடவை ஒட்டினேன், இரண்டு மொத்தம் வந்தது. கோப்பாக ஏற்றி, பைத்தான் நிரல் எழுதி ஓட்டிக் கணக்குப் போடச் சொன்னால் கணக்கு சரியாக வருகிறது. இப்போது முக்கியமான உதவியாளர்கள் எல்லாவற்றிலும் இது முடியும். நான் எப்போதும் முதல் கேள்வியாக, கோப்பில் எத்தனை வரிசை, மொத்தக் கிளிக் எவ்வளவு என்று மட்டும் கேட்பேன். அதை நான் எக்செல்லில் பார்த்ததோடு ஒத்துப்போனால்தான் மேலே பேச்சு.

எக்செல் என்றதும் இன்னொன்று. எக்ஸ்போர்ட்டில் வருகிற சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும், கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஒரு வாரம் வீணாக்கினேன். டேட்டா பகுதியில் போய் யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தைச் சரியாகப் படிக்க உதவும் குறிமுறை) என்று தேர்ந்து இறக்க வேண்டும், அல்லது எக்ஸ்போர்ட் எடுக்கும்போதே கூகுள் ஷீட்ஸைத் தேர்ந்துவிடுங்கள்.

சராசரியிலும் ஏமாறுவோம். ஒரு தேடல் சொல்லுக்கு 10 இம்ப்ரஷன், இடம் 2. இன்னொன்றுக்கு 990 இம்ப்ரஷன், இடம் 20. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 11 வரும், கேட்க நன்றாக இருக்கும். ஒவ்வொரு இடத்தையும் அதன் இம்ப்ரஷனால் பெருக்கிக் கூட்டி, மொத்த இம்ப்ரஷனால் வகுத்தால் 19.82. உண்மை நிலவரம் இரண்டாவதுதான். கிளிக் விகிதமும் அப்படியே: வரிசை வரிசையாக இருக்கிற சதவீதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது, மொத்தக் கிளிக்கை மொத்த இம்ப்ரஷனால் வகுக்க வேண்டும். இதை ஏஐயிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், தேடல் சொற்களின் கிளிக்கை எல்லாம் கூட்டினால் மேலே காட்டுகிற மொத்தத்துக்கு வராது. திரையிலிருந்து எடுத்தால் 1,000 வரிசைதான் கிடைக்கும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களை அவர்களுடைய அந்தரங்கம் கருதிக் கூகுள் பட்டியலில் காட்டுவதே இல்லை, மொத்தத்தில் மட்டும் சேர்க்கிறது. நமக்கு இது ரொம்பப் பாதிக்கும் என்பது என் எண்ணம், ஏனென்றால் ஒரே பொருளை மாங்கன்று, மாங்கன்னு, மாஞ்செடி, ஒட்டுச்செடி என்று பத்து விதமாக அடிக்கிறோம், ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிறவர் இன்னும் பத்து விதம். ஒவ்வொன்றும் சில்லறையாகச் சிதறி, பாதி மறைந்துவிடும். அதனால் தேடல் சொல் பட்டியலில் இல்லை என்பதற்காக அந்தப் பக்கத்துக்கு ஆள் வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பக்கங்களின் பட்டியலைப் பாருங்கள்.

நான் கேட்கிற விதம் இதுதான், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்: 'இது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மாஞ்செடி நர்சரியின் தேடல் கணக்கு. பழம் விற்பது ஜூலை ஆரம்பம் வரை, செடி விற்பது ஜூலைக்குப் பிறகு. போன வருட இதே மாதங்களோடு ஒப்பிடு. செடி, பழம் இரண்டையும் பிரித்துக் காட்டு. என்ன மாறியது என்று மட்டும் சொல், ஏன் மாறியது என்று நான் கேட்கும்வரை சொல்லாதே. எந்தத் தேடல் சொல்லை எந்தப் பிரிவில் போட்டாய் என்று முழுப் பட்டியலும் கொடு.' அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சந்தூர்_ஒட்டுச்செடி:

அண்ணா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன்.

போன வருடத்தோடு ஒப்பிட்டால் செடிப் பக்கங்களுக்குக் கிளிக் 940 ஆக இருந்தது 1,180 ஆகியிருக்கிறது. கூடியிருக்கிறது! பழப் பக்கங்கள் கிட்டத்தட்ட அதே அளவு. இம்ப்ரஷன் இறக்கம் முழுக்கக் கணினியில்தான், மொபைலில் கோடு அசையவே இல்லை, பொசிஷன் அதே வாரத்தில் 31-இலிருந்து 14-க்கு வந்திருக்கிறது. ஓசூர் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல இருந்தது.

பிரிவுப் பட்டியலைக் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஏஐ 'கால்நடை' என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறது. என்னடா என்று பார்த்தால் கன்று விலை, கன்று எங்கே கிடைக்கும், ஒட்டுக்கன்று நடும் முறை, நல்ல கன்று எப்படித் தேர்வது என்று கன்று வந்த அத்தனையையும் மாட்டுக் கன்று என்று எடுத்துக்கொண்டு அதில் போட்டிருக்கிறது. இந்தத் தேடல்கள் நர்சரிக்குச் சம்பந்தமில்லாதவை என்று குறிப்பும் எழுதி, அந்தத் தேடல்கள் வந்து சேர்கிற பக்கங்களை அழிக்கிற பட்டியலில் சேர்த்துவிட்டது. 38-இல் 21 பக்கம் இந்த ஒரு சொல்லால் போயிருக்கும். கன்று எப்படித் தேர்வது என்கிற பக்கம் அப்பா இரண்டு மணி நேரம் பேசியது, எங்களுக்கு அதிகமாகப் போன் வருவதே அதைப் படித்துவிட்டுத்தான்.

கன்று என்றால் இங்கே செடி என்று ஒரு வரி சொன்னதும் தானாகத் திருத்திக்கொண்டது. அந்த ஒரு வரியை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம். வாரத்தில் சனிக்கிழமைதான் தேடல் அதிகம், அதனால் வெள்ளிக்கிழமை புதுப் பக்கம் போடு என்கிறது ஏஐ. எனக்கு அது ஒட்டவில்லை. ஞாயிறு போச்சம்பள்ளிச் சந்தைக்கு வருகிறவர்கள்தான் அப்படியே செடியும் பார்க்க வருவார்கள், போனும் ஞாயிறு காலையில்தான் அதிகம் அடிக்கிறது. சனிக்கிழமை எங்கிருந்து வந்தது?

ஓசூர்_அட்டவணை:

தம்பி, நல்ல கேள்வி. சர்ச் கன்சோலின் நாள் கணக்கு அமெரிக்கக் கலிஃபோர்னியா நேரப்படி. அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு மதியம் 12:30, அவர்களுடைய குளிர்காலத்தில் 1:30. அதனால் நம் ஞாயிறு காலை முழுவதும் அவர்கள் கணக்கில் சனிக்கிழமையில் விழும். உன் சந்தைக் கூட்டம்தான் அது என்று நினைக்கிறேன். 24 மணி நேரப் பார்வை ஒன்று இருக்கிறது, அதில் மணிவாரியாக நம் நேரத்திலேயே காட்டும். அடுத்த திங்கட்கிழமை காலை எழுந்ததும் திறந்து பார், தெரிந்துவிடும்.

கூடவே ஒன்று: சர்ச் கன்சோலின் தேடல் சொல் வடிகட்டியில் ரீஜெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடும் முறை) என்று தேர்ந்து [அ-ஹ] என்று மட்டும் அடித்தால், தமிழ் எழுத்து ஏதாவது ஒன்று இருக்கிற தேடல்கள் மட்டும் தனியாக வரும். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பிரித்துத் தனித்தனிக் கோப்பாக ஏஐயிடம் கொடு, குழப்பம் பாதியாகக் குறையும்.

காரிமங்கலம்_அக்கா:

தம்பி, பக்கங்களை அழிக்காமல் விட்டதில் எனக்கு நிம்மதி. ஆனால் மீதி 17 பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏஐ 21-இல் தப்பு செய்தது என்பதால் மீதியிலும் தப்பு என்று ஆகிவிடாது. நான் உன் தளத்தைப் போய்ப் பார்த்தேன். 'சேலத்தில் மாங்கன்று விலை', 'தர்மபுரியில் மாங்கன்று விலை', 'வேலூரில் மாங்கன்று விலை' என்று 11 பக்கம் இருக்கிறது, ஊர்ப் பெயர் மட்டும்தான் வேறு, உள்ளே இருப்பது வரிக்கு வரி ஒன்றே. இது அப்பா சொல்லி எழுதினதாக எனக்குத் தெரியவில்லை. எங்கோ கேட்டு, ஊருக்கு ஒரு பக்கம் வைத்தால் கூகுளில் மேலே வரும் என்று போட்டிருப்பாய். அவற்றை ஒரே விலைப் பக்கமாக்கி, எந்த ஊருக்கு எவ்வளவு அனுப்புக் கூலி என்று அதிலேயே எழுதிவிடு. பழைய 11 முகவரியிலிருந்தும் அந்தப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் வை, அதாவது பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதுப் பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடு. சும்மா அழித்தால் ஏற்கெனவே யாராவது வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு எல்லாம் உடைந்துபோகும்.

இன்னொரு பக்கம் என் கண்ணில் பட்டது: ஏக்கருக்கு எத்தனை மாங்கன்று. அதில் இம்ப்ரஷன் ஏறி, பொசிஷன் அப்படியே இருந்து, கிளிக் குறைந்திருக்கிறதா என்று பார். நான் என் போனில் தேடினேன், மேலேயே கூகுளின் ஏஐ சுருக்கம் வந்து பதிலைச் சொல்லிவிடுகிறது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 40 செடி, 3-க்கு 2 மீட்டர் என்கிற மிக அடர் நடவில் 674 செடி. எண் கிடைத்ததும் ஆள் கிளம்பிவிடுகிறான். அந்தச் சுருக்கத்தில் உன் இணைப்பு வந்தாலும் சர்ச் கன்சோல் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டாது, வழக்கமான தேடலோடு சேர்த்தே எண்ணும், அதனால் எந்த ஏஐ உதவியாளரும் உன் கோப்பை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீயே தேடிப் பார்த்தால்தான் உண்டு. முக்கியமான 20 தேடலை மாதம் ஒருமுறை போனில் கையால் அடித்துப் பார், நான் அப்படித்தான் செய்கிறேன்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடாதே, எண்ணோடு நிறுத்தாமல் மேலே எழுது. 674 செடி வைத்தவனுக்கு வருடா வருடம் கவாத்து என்ன செலவு, சொட்டுநீர் இல்லாமல் முடியுமா, நம் பக்கத்துக் கரட்டு மண்ணுக்கு அது ஒத்துவருமா. இதற்கு அப்பாவிடம் பதில் இருக்கும், சுருக்கத்தில் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தேடல் கணக்கை ஏஐயிடம் கொடுப்பதில் எனக்குப் பயமில்லை, அதில் ஆள் பெயர் கிடையாது. அதே வேகத்தில் ஆர்டர் கோப்பையும் ஏற்றி, எந்த ஊர்க்காரர் அதிகம் வாங்குகிறார் என்று கேட்கத் தோன்றும். அதில் விவசாயிகளின் பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாம் இருக்கும். ஊர், ரகம், எண்ணிக்கை மூன்று பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிய பிறகு ஏற்று. நம்பி நம்பர் கொடுத்தவர்கள் அவர்கள்.

சந்தூர்_ஒட்டுச்செடி:

அக்கா, கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொன்னது சரிதான். அந்த 11 பக்கமும் நான் போட்டவைதான், அப்பாவுக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஒரே பக்கமாக்கி ரீடைரக்ட் வைத்துவிட்டேன். மீதி ஆறில் நான்கு பக்கத்தில் உண்மையிலேயே இரண்டு வரிதான் இருந்தது, அவற்றை அந்தந்த ரகத்தின் பக்கத்தோடு சேர்த்துவிட்டேன். இரண்டை அப்படியே வைத்திருக்கிறேன், எழுதி முடிக்க வேண்டும்.

[அ-ஹ] போட்டு எடுத்த தமிழ்க் கோப்பை மட்டும் ஏற்றி, மக்கள் கேள்வியாகவே அடித்த தேடல்களில் நம் தளத்தில் பதில் இல்லாதவை எவை என்று கேட்டேன். இதுவரை கேட்டதிலேயே பிரயோஜனமான கேள்வி இதுதான். 26 கேள்வி வந்தது, ஒவ்வொன்றையும் நானே சரிபார்த்தேன், 19 உண்மையிலேயே நம்மிடம் இல்லை. அதில் ஒன்று, ஒட்டுச்செடியில் முதல் வருடமே வருகிற பூவை என்ன செய்வது என்று.

இன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அழிக்கப் போனதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் வரை பூங்கொத்தைக் கிள்ளி எறிய வேண்டும், ஆசைப்பட்டு விட்டால் செடி காயைத் தாங்கத்தான் பார்க்கும், கிளை கட்டாது என்று ஆரம்பித்தார். கிள்ளுவதற்கு மனசு வராத ஆட்கள் எத்தனை பேர் வந்து நின்றார்கள், அவர்கள் தோப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகிறார். பாதி அடித்திருக்கிறேன், மீதியைக் கேட்கப் போக வேண்டும்.